சூரியனுக்கு முந்தும் கடிகாரம்: செந்தூலில் காலை ஒழுங்கும் சொந்த இலக்கும்

கோலாலம்பூரில் சூரியன் எழும் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சற்று முன்பாக எழும். பிப்ரவரித் தொடக்கத்தில் ஏழரையை நெருங்கும். வித்தியாசம் அரை மணி நேரம்தான். நகரின் செந்தூல் வட்டாரத்தில் நாள் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஐந்தேகாலுக்கு அடுக்குமாடி வீடுகளில் சமையலறை விளக்குகள் எரிகின்றன. ஐந்தரைக்கு முதல் மோட்டார்சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்கிறது. ஆறரைக்குள் பள்ளி வேன் கீழே வந்து நிற்கிறது. சீருடையில் இறங்கி வரும் பிள்ளைகளின் முகம் தெரிய இன்னும் தெருவிளக்கு தேவைப்படுகிறது. காலை ஒழுங்கைப் பற்றிய பேச்சு இந்த ஊரில் இந்த இருட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இருட்டுக்குக் காரணம் கடிகாரம். மலாயாவில் 1905 ஜூன் 1 முதல் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முந்திய பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. 1933இல் 20 நிமிடமும் 1941இல் மேலும் 10 நிமிடமும் முன்னே தள்ளப்பட்டு, அது ஏழரை மணி நேரமானது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் திணிக்கப்பட்டது. 1945இல் பழைய நேரம் திரும்பியது. பிறகு சபா, சரவாக்குடன் நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பமும் 8 மணி நேரத்துக்கு மாறியது. கோலாலம்பூர் 101.7 பாகை கிழக்கில் இருக்கிறது; கடிகாரமோ 120 பாகைக்கு உரியது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், இங்குள்ள கடிகாரம் சூரியனைவிடச் சராசரியாக 73 நிமிடம் முந்தி ஓடுகிறது. சென்னையில் இந்த இடைவெளி வெறும் 9 நிமிடம்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. அதிகாலை ஐந்து மணிக்கு எழுபவர்களே வெற்றி பெறுகிறார்கள் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. ஹால் எல்ரோட் 2012இலும் ராபின் சர்மா 2018இலும் எழுதிய நூல்கள் அதைப் பரப்பின. தமிழ்த் தன்முன்னேற்றப் பேச்சாளர்களும் அதைத் தமிழில் சொல்லி வருகிறார்கள். கோலாலம்பூரில் ஐந்து மணி என்பது சூரியக் கணக்கில் மூன்றே முக்கால். சென்னைவாசி ஒருவர் நான்கு மணிக்கு எழுவதும் செந்தூல்வாசி ஐந்து மணிக்கு எழுவதும் உடலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பிரம்ம முகூர்த்தக் கணக்கும் இதையே காட்டுகிறது. அது சூரியன் எழுவதற்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது. சென்னையில் ஜூன் மாதம் அது நான்கு மணி சுமாருக்குத் தொடங்கும். கோலாலம்பூரில் ஐந்தரையை ஒட்டியோ ஐந்தே முக்காலை ஒட்டியோதான் தொடங்கும். பாட்டி ஊரில் நாலு மணிக்கு எழுந்தார் என்பதற்காக இங்கே பேரன் நாலு மணிக்கு அலாரம் வைத்தால், முகூர்த்தம் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே விழித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

வைகறையும் பெரட்டும்

விடியலுக்கு முந்திய நேரத்தைத் தமிழர் பழங்காலத்திலிருந்தே தனிப் பொழுதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாளின் ஆறு சிறுபொழுதுகளில் ஒன்று வைகறை. ஆறு பொழுதும் சம அளவு என்று கொள்ளும் வழக்கப்படி அது பின்னிரவு இரண்டு முதல் ஆறு வரை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது, இந்தப் பொழுதுக்கென்றே ஒரு நடைமுறை வகுக்கிறது. வைகறையில் துயிலெழ வேண்டும். அன்று செய்ய வேண்டிய அறச்செயலையும் பொருள் தேடும் செயலையும் மனத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன்பின் தாய் தந்தையரைத் தொழ வேண்டும். விழித்ததும் முதல் வேலை அன்றைய இலக்கை நினைப்பது. காலை ஒழுங்கும் இலக்கும் ஒரே பாட்டில் சேர்ந்திருக்கும் இந்த இடம், இன்றைய கையேடுகள் பலவற்றைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. திருக்குறளும் காலமறிதல், மடியின்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று தனித்தனி அதிகாரங்களில் இதன் பக்கங்களைப் பேசுகிறது. அவை அரசியல் சார்ந்த அதிகாரங்கள் என்றாலும், ஒரு செயலை எப்போது தொடங்குவது, எப்படிக் கொண்டுசெலுத்துவது என்ற கேள்வி அரசனுக்கும் தொழிலாளிக்கும் பொது.

மலாயாவுக்கு வந்த தமிழர்களின் வைகறை வேறு கைக்குப் போனது. ரப்பர்த் தோட்டத்தில் இருள் பிரியுமுன்னே பெரட்டு. ஆள்கள் வரிசையில் நிற்க, கிராணி எனப்படும் தோட்டக் கணக்கர் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பார். அதன்பின் தலையில் கட்டிய விளக்குடன் பால்மரம் வெட்டப் போக வேண்டும். இதற்கு மரத்தின் இயல்பும் ஒரு காரணம். இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடாததால் பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறஏற அழுத்தம் தளர்ந்து பால் குறையும். பால் வடியும் கிண்ணமான மங்கு நிறைய வேண்டுமானால் சூரியனுக்கு முன் வெட்டியாக வேண்டும். தோட்டத் தமிழரின் அதிகாலை விழிப்பு ஒழுக்கமாகப் போற்றப்பட்டாலும், அது அவர்களே வைத்துக்கொண்ட நேரமல்ல. தாமதமானால் அன்றைய வேலைப் பதிவான பேரே போய்விடும் என்ற அச்சத்தில் ஊன்றிய பழக்கம் அது.

செந்தூல் தோட்டமாக இல்லாமல் ரயில் பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர். மலாய் கூட்டு மாநில ரயில்வேயின் மத்தியப் பட்டறை 1900களின் தொடக்கத்தில் இங்கே அமைந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் அதில் வேலை பார்த்தார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதன்மேல் குண்டு வீசின. போருக்குப் பின் அது மீண்டும் எழுந்தது. இங்கேயும் காலை வேலைத்தலத்துக்கு உரியதுதான். பட்டறை இன்று இல்லை. அந்த நிலத்தின் பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005 முதல் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் இயங்குகிறது. கொம்யூட்டர் ரயில் 1995இலும், செந்தூல் தீமோர் வரையான எல்.ஆர்.டி. 1998இலும் வந்தன. பெரட்டு போய், ரயில் நேரமும் பள்ளி மணியும் ஷிப்ட் அட்டவணையும் வந்திருக்கின்றன. மூன்று நான்கு தலைமுறைகளாகப் பிறர் வகுத்த காலையில் வாழ்ந்த மக்களுக்கு, இதில் தமக்கென்று எவ்வளவு நேரம் மிஞ்சும், அதை எதற்குக் கொடுப்பது என்பதே காலை ஒழுங்கின் உண்மையான கேள்வி.

தூக்கக் கணக்கு

அதிகாலையில் எழுவதைப் பற்றிப் பேசுவோர் பலர் படுக்கும் நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பொதுப் பரிந்துரை. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம். ஐந்தேகாலுக்கு எழும் ஒருவர் பத்தேகாலுக்குள் தூங்கியிருக்க வேண்டும். இரவு எட்டரைக்கு வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, நாடகம் ஒன்றும் பார்த்தால் பத்தேகால் எளிதில் பதினொன்றரையாகும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைக் காலையிலிருந்து எடுத்தால் வருவது ஒழுங்கன்று, கடன். அக்கடன் ரயிலிலும் மதிய வேளையிலும் மோட்டார்சைக்கிள் மேலும் திரும்பக் கேட்கப்படும். மூன்றாவது இடம் ஆபத்தானது.

எல்லார் உடலும் ஒரே நேரத்தில் விழிக்கும்படி அமையவில்லை. உடலின் நாள்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். காலையில் சுறுசுறுப்பானவர், மாலையில் சுறுசுறுப்பானவர் என்ற வேறுபாட்டை அளக்க ஹோர்னும் ஓஸ்ட்பெரியும் 1976இல் உருவாக்கிய வினாத்தாள் இன்றும் பயன்படுகிறது. வயதும் இதை மாற்றுகிறது: பதின்ம வயதில் தூக்கம் பின்னால் நகரும், முதுமையில் முன்னால் வரும். ஏழரைக்கு வகுப்பில் உட்காரும் செந்தூல் மாணவருக்குச் சூரியக் கணக்கில் அது ஆறேகால். முதல் பாடவேளையில் கண்ணயரும் பதினாறு வயதுப் பிள்ளையைச் சோம்பேறி என்று வைதுவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. வேலைநாளில் ஐந்துக்கும் விடுமுறையில் பத்துக்கும் எழும் பழக்கத்தால் உடலுக்கு ஏற்படும் குழப்பத்தை, விமானத்தில் பல நேர மண்டலங்களைக் கடந்தவரின் குழப்பத்துக்கு டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவினரும் 2006இல் ஒப்பிட்டார்கள். எந்த நேரத்தில் எழுவது என்பதைக் காட்டிலும், ஏழு நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவது உடலுக்கு நல்லது.

உடல்கடிகாரத்தை நேர்ப்படுத்துவதில் வெளிச்சத்துக்கு முதலிடம். வானம் மூடியிருந்தாலும் வெளியில் கிடைக்கும் காலை வெளிச்சம் வீட்டு விளக்கைப்போலப் பல மடங்கு. செந்தூலில் ஏறக்குறைய ஏழு மணிக்கு முன் அது கிடைக்காது. இருட்டில் ரயிலேறி நேரே அலுவலகத்துக்குள் நுழைபவர் பகல் வெளிச்சத்தைப் பார்ப்பதே மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போதுதான். நிலையத்திலிருந்து வேலையிடம் வரை வெட்டவெளியில் பத்து நிமிடம் நடப்பது இந்தக் குறைக்கு எளிய வழி. ஓய்வு பெற்றவர்களும் விடுமுறை நாளில் மற்றவர்களும் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் ஏழரைக்கு மேல் நடப்பதற்கு, வண்டிகள் விரையும் இருட்டுச் சாலையில் ஐந்தரைக்கு நடப்பதைவிட இருமடங்கு நியாயம் இருக்கிறது.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இவை அப்படியே பொருந்தாது. மருத்துவமனை, பாதுகாவல் வேலை, தொழிற்சாலை, விமான நிலையம் என்று செந்தூலில் அத்தகையோர் நிறையவே உண்டு. அவர்களுடைய காலை அவர்கள் விழிக்கும் நேரத்தில் தொடங்குகிறது. பகல் மூன்று மணிக்கு எழுபவருக்கு, மூன்று மணிக்குப் பின் வரும் முதல் அரை மணிதான் காலை ஒழுங்கு. வீட்டார் அதை ஏற்றுக்கொண்டு, பகலில் அந்த அறைக்கதவைத் தட்டாமல் இருப்பது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

21, 48, 66

ஒரு பழக்கம் படிய 21 நாள் ஆகும் என்பது ஊரெல்லாம் பரவிய நம்பிக்கை. அதன் வேர், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூலில் இருக்கிறது. அறுவைக்குப் பின் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோயிற்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய எடுத்த காலத்தின் நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது. தண்ணீர் குடிப்பது விரைவில் படிந்தது, உடற்பயிற்சி மெதுவாகப் படிந்தது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

தமிழரிடம் இதற்கென ஒரு சொந்தக் கணக்கு நெடுங்காலமாக உண்டு. மண்டலம் என்பது 48 நாள். சித்த மருந்துக்கும் விரதத்துக்கும் அதுதான் அளவு. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவரின் நோன்பை ஒரு பயிற்சித் திட்டமாகப் பார்த்தால் அதன் கட்டமைப்பு வியக்க வைக்கிறது. முடியும் நாள் முன்பே தெரியும், அதை மாற்ற முடியாது. வேண்டுதலை வீடே அறியும். காலைக் குளியல், மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை என்று ஒவ்வொரு நாளுக்கும் சிறிய, தெளிவான கடமைகள் இருக்கும். கடைசியில் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை உடலே ஏறித் தீர்க்க வேண்டும். ‘இந்த வருடம் கொஞ்சம் நல்லா இருக்கணும்’ என்பதுபோல் மங்கலாக எந்தப் பக்தரும் வேண்டுதல் வைப்பதில்லை. தன்முன்னேற்றப் பட்டறைகளில் பணம் கட்டிக் கற்கும் பலவும் செந்தூல்வாசிகள் ஆண்டுதோறும் நேரில் பார்ப்பவையே. அந்த 48 நாள் ஒழுங்கு பூசம் முடிந்த மறுவாரமே கலைந்துபோவது வருத்தத்துக்குரியது. அதிகாலைக் குளியலையாவது பிடித்து வைத்துக்கொண்டு, அதோடு வேறொன்றை இணைத்தால் போதும்.

இணைப்பதன் பலனை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்தார். ‘படிக்க வேண்டும்’ என்று நினைப்பதைவிட, ‘இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வது பலன் தருகிறது என்று 1999இல் விளக்கினார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட மதிப்பீடும் அதை உறுதி செய்தது. செந்தூலில் இதற்கான கொக்கிகள் ஏராளம். சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் ஐந்து நிமிடம் அமர்ந்து அன்றைய ஒரு வேலையை எழுதுவது. ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் கைப்பேசியை எடுக்காமல் புத்தகத்தைத் திறப்பது. மாமாக் கடையில் பசியாற உட்கார்ந்ததும், வேறெதுவும் யோசிக்குமுன் ‘தே ஓ கோசோங்’ என்று, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரைச் சொல்லிவிடுவது. கடைசியில் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் ரொட்டி சானாயும் தினசரிப் பசியாறலாக இருக்கும் சமூகத்தில், காலை ஒழுங்கின் முதல் பயன் உடலில்தான் தெரிய வேண்டும்.

இலக்கு

எட்வின் லாக் 1968இல் தொடங்கி, கேரி லேதமுடன் சேர்ந்து 1990இல் நூலாக விரித்த ஆய்வுகளின் சாரம் இது: ‘முடிந்ததைச் செய்’ என்பதைவிட, குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு நல்ல பலனைத் தரும். லேதம் நடத்திய ஒரு சோதனை தொழிலாளர்களுக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மரக்கட்டை ஏற்றும் லாரிக்காரர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 விழுக்காடு அளவே ஏற்றி வந்தார்கள். 94 விழுக்காடு என்று இலக்குச் சொன்னதும், கூலியில் மாற்றம் எதுவும் இல்லாமலே, சில மாதங்களில் 90ஐத் தொட்டார்கள். ஆனால் அந்த வேலை அவர்களுக்குத் தெரிந்த வேலை. புதிதாகக் கற்கும் துறையில் முடிவுக்கு எண் வைப்பதைவிட, இன்ன பகுதியை இத்தனை நாளில் கற்பேன் என்று வைப்பதே உதவும் என்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் கணிதத்தில் ‘ஏ’ என்று சுவரில் ஒட்டுவதால் மட்டும் பலவீனமான மாணவருக்குப் பயனில்லை. பள்ளிக்குக் கிளம்புமுன் நான்கு கணக்கு, தவறியதை ஞாயிறன்று திரும்பப் போடுவது என்பது பயன்படும்.

மலேசியத் தமிழரிடையே இலக்கைக் கூட்டாக அமைத்து வென்ற முன்னுதாரணங்கள் உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதச் சம்பளத்திலிருந்து சிறுசிறு தொகையாகக் கட்டி, தாம் வேலை பார்த்தது போன்ற தோட்டங்களுக்குத் தாமே பங்காளிகள் ஆனார்கள். பெரட்டில் நின்றவர்களுக்கு அதைவிடப் பெரிய இலக்கு இருந்திருக்க முடியாது. அதற்கு அவர்கள் எடுத்துவைத்த அடியோ மாதம் ஒன்று, சிறியது, தவறாதது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் கல்வியில் இதே வழியைக் கண்டது. வார இறுதி வகுப்பும், மாணவரும் பெற்றோரும் சேர்ந்து பத்துமலைக்குச் செல்லும் கல்வி யாத்திரையுமாக, தேர்வு இலக்கு நேர்த்திக்கடனின் வடிவத்தை அங்கே எடுத்துக்கொண்டது.

தனி ஆளின் இலக்குக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பெரும்பாலான தமிழ் வீடுகளின் சுவரில் தொங்கும் நாள்காட்டி போதும். நல்ல நேரமும் ராகுகாலமும் பார்க்க எப்படியும் ஒருவர் காலையில் அதன்முன் நிற்கிறார். செய்து முடித்த நாளில் தேதியின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டால், மாத முடிவில் எத்தனை கோடு என்பது கண்முன் தெரியும். ஒரே சமயத்தில் ஓர் இலக்குக்கு மேல் வைத்துக்கொண்டால் கோடு எதற்கு என்றே தெரியாமல் போகும்.

காலையின் செலவு

ஒரு வீட்டின் ஒழுங்கான காலை யாரோ ஒருவருடைய தூக்கத்திலிருந்து வருகிறது. பெரும்பாலும் அவர் அந்த வீட்டின் தாய். கணவர் ஆறு மணிக்கு எழுந்து தியானம் செய்யவும், மகள் ஆறேகாலுக்குச் சூடான தோசையோடு உட்காரவும், மகன் இஸ்திரி போட்ட சட்டையைத் தேடாமல் எடுக்கவும் ஐந்தேகாலுக்கு ஒருவர் எழுந்திருக்கிறார். அவரும் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர். அவருக்கென்று ஓர் இலக்கு உண்டா என்று வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். காலை ஒழுங்கைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் தனி மனிதருக்கு எழுதப்பட்டவை. சோற்றுப் பானையை யார் ஏற்றி வைப்பது என்ற கேள்வி அவற்றில் எழுவதில்லை. செந்தூல் போன்ற ஊரில் முதலில் எழ வேண்டிய கேள்வி அது.

சட்டம் ஓரளவு இடம் தருகிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளையுள்ள பெற்றோர் ஒருவர் அரை மணி தாமதமாகத் தொடங்கி அரை மணி தாமதமாக முடிக்க அனுமதி பெற்றால், அந்த வீட்டின் காலை முழுதுமே மாறிவிடும்.

மற்றது வீட்டுக்குள் நடக்க வேண்டியது, அதுவும் முந்திய இரவிலேயே. பதினாறு வயது மகன் தன் சீருடையையும் தங்கையின் சீருடையையும் ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டுகிறான். தந்தை தேங்காய் துருவி, சட்னிக்கு வேண்டியதை டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கிறார். காலையில் தோசை சுடுவதும் வாரம் மூன்று நாள் அவர் முறை. தண்ணீர்ப் புட்டிகளும் காலணிகளும் வாசலருகே வரிசையில் வந்துவிடுகின்றன. பத்து மணிக்கு எல்லாக் கைப்பேசிகளும் கூடத்து மேசைக்குப் போகின்றன. இவ்வளவும் நடந்தால், ஐந்தேகாலுக்கு எரிந்துகொண்டிருந்த சமையலறை விளக்கு ஐந்தே முக்காலுக்கு எரியும்.